ஆறாம் நாற்காலியும் ஒரு பராமரிப்பு வெளியீடும்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் கணினி நிரலைப் பற்றிய விஷயங்களைப் பொதுக் குழுவில் எழுதுவதுதான் வழக்கம். அது பலரும் படிக்கும் இடம் என்பதால் இதை உங்கள் சொந்த முகவரிக்கு அனுப்புகிறேன். வரிசைப்படுத்திக்கொண்டால்தான் எனக்கு எழுத வருகிறது. ஆகவே முதலில் சுருக்கம்.

1. நம் நிரலுக்கு ஒரு பராமரிப்பு வெளியீடு தேவைப்படுகிறது. அதைத் தள்ளிப்போட முடியாது.
2. அதில் நான்கு திருத்தங்கள் இருக்கும். முதல் மூன்றில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இராது.
3. நான்காவது திருத்தம், முன்பு நீங்கள் எழுதிய பகுதியில் நேர்ந்த ஒரு கவனக்குறைவைச் சரிசெய்வது. குறை சொல்லும் நோக்கம் இல்லை.
4. அந்தக் கவனக்குறைவால் இதுவரை யாருக்கும் பாதிப்பு இல்லை.
5. இரண்டாவது கையொப்பம் உங்களுடையது.
6. அக்டோபரில் என் வீட்டில் நீங்கள் சொன்னதைப் பற்றி இக்கடிதத்தில் ஒன்றும் எழுதப்போவதில்லை.

இனி விவரம். நீங்கள் அறிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். எதையாவது விட்டுவிட்டேனோ என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு.

உங்கள் அக்காவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய வருடம், மையத்தில் எட்டு நாற்காலிகளுக்கும் யார் எந்த நாளில் வருவது என்பதை ஹெட் சிஸ்டர் ஒரு பலகையில் எழுதி அழித்துக்கொண்டிருந்தார். ஒரே நாற்காலிக்கு இருவர் வந்து நிற்பதும், ஒருவரும் வராமல் நாற்காலி காலியாகக் கிடப்பதும் உண்டு. அதற்காக நான் எழுதிய சிறு நிரல் இன்று எனக்குத் தெரியாத ஊர்களிலெல்லாம் ஓடுகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்தோம். எடுத்தவர்கள் பலர். திருத்தியவர் நீங்கள் ஒருவர்தான்.

தேதிகளைக் கணக்கிட நாம் வேறொருவரிடமிருந்து இரவல் வாங்கிச் சேர்த்த நிரல் துண்டில் ஒரு ஓட்டை இருப்பது தெரியவந்திருக்கிறது. அதை எழுதியவர்களே ஊரறிய அறிவித்துவிட்டார்கள். விவரம் தெரிந்தவன் வெளியிலிருந்தபடியே நோயாளிகளின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். இதை அடைப்பது முதல் திருத்தம். அச்சிடும்போது பட்டியலின் கடைசி வரி பாதியாக வெட்டுப்படுவது இரண்டாவது. வெளியேறிய பிறகும் பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் பழைய பக்கம் தெரிவது மூன்றாவது.

நான்காவது. ஒரு நோயாளியின் பெயருக்கு எதிரே 'முடிந்தது' என்று குறித்த பிறகும் அவருடைய நாற்காலி அவர் பெயரிலேயே நிற்கிறது. ஒருவர் 'விடுவி' என்ற பொத்தானைத் தனியாக அழுத்தினால்தான் அடுத்தவருக்கு நிரந்தரமாகக் கொடுக்க முடியும். பட்டியல் என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். இனிமேல் நிரல் தானே விடுவித்துவிடும்படி மாற்றியிருக்கிறேன். உதாரணமாக, வாரந்தோறும் சோதனைக்காக எனக்கு வரும் நகலில் உங்கள் அக்காவின் பெயர் ஆறாம் நாற்காலியில், செவ்வாயும் வெள்ளியும், காலை முறையில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இதை உதாரணத்துக்காக மட்டுமே சொல்கிறேன்.

ஒருவர் எழுத, இன்னொருவர் படித்துப் பார்த்து, இருவரின் மின்கையொப்பச் சாவியும் பட்டால்தான் வெளியீடு என்பது நாம் வைத்துக்கொண்ட விதி. என் சாவி தயார். உங்களுடையதை எதிர்பார்க்கிறேன்.

ஆறாவது குறிப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அன்புடன்,
அத்தான்


பிப்ரவரி 14

அத்தானுக்கு,

எண் போட்ட கடிதம் கிடைத்தது. நான்கு மாதமாகப் பேச்சு இல்லாமல் இருந்துவிட்டு வரும் முதல் கடிதம் என்பதால், உள்ளே என்ன இருக்குமோ என்று சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுத் திறந்தேன். அச்சில் கடைசி வரி வெட்டுப்படுகிறதாம்.

என்னை எப்போது 'நீங்கள்' ஆக்கினீர்கள்? அக்கா கல்யாணத்தன்று பந்தியில் இடம் கிடைக்காமல் நின்ற பையனைப் பார்த்து "சாப்டியாப்பா, வா, என் பக்கத்துல உக்காரு" என்று நகர்ந்து இடம் கொடுத்த ஆள் நீங்கள். அதற்குப் பிறகு எனக்கு எத்தனை வயதானாலும் அந்த 'ப்பா'தான். இப்போது 'உங்கள் சாவியை எதிர்பார்க்கிறேன்' என்று வருகிறது. வங்கியிலிருந்து வந்த கடிதம் போல் இருந்தது.

சரி, வேலைக்கு வருகிறேன். நான்கையும் வரி வரியாகப் படித்துவிட்டேன். முதல் மூன்றும் சரி. பின்செல்லும் பொத்தான் விஷயத்தில் ஒரு இடம் விட்டுப்போயிருந்தது. குறித்து அனுப்பியிருக்கிறேன். நான்காவதில் கையொப்பமிட மாட்டேன்.

காரணம் எளிது. பராமரிப்பு வெளியீடு என்றால் உடைந்ததை ஒட்டுவது மட்டும்தான். மையங்களில் உள்ள சிஸ்டர்கள் இதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிக்கொள்வதே அதனால்தான். அக்கா ஒவ்வொரு முறையும் வெளியீட்டோடு போகும் குறிப்பின் தலையில் எழுதுவாளே, 'இதில் புதிதாக எதுவும் இல்லை, பழையது ஒழுங்காக வேலை செய்யும்' என்று. நாற்காலியைத் தானாக விடுவிப்பது ஒட்டுவேலை இல்லை. பழக்கத்தையே மாற்றுவது. அதை ஒட்டுவேலைக்கு நடுவில் செருகி அனுப்பினால், திங்கட்கிழமை காலையில் எத்தனை மையங்களில் யார் யாருடைய நாற்காலி யாருக்குப் போயிருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அது கவனக்குறைவும் இல்லை. தெரிந்துதான் அப்படி எழுதினேன். நான்காவதை எடுத்துவிடுங்கள். இன்றைக்கே கையொப்பமிடுகிறேன். ஓட்டை திறந்து கிடக்கிறது, அத்தான். ஊரறிய அறிவித்துவிட்டார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் நான்காவது குறிப்பு யாருக்கும் பாதிப்பு இல்லை என்கிறது. பாதிப்பு இல்லாத ஒன்றைத் திருத்த இந்த அவசரம் எதற்கு?

ஆறாவது குறிப்பில் நீங்கள் எழுதாததை நான் எழுதுகிறேன். எல்லாம் முடிந்த மறுநாள் காலையில் உங்கள் வீட்டுக் கூடத்தில் விழித்தேன். தூக்கக் கலக்கத்தில் தொலைபேசியைப் பார்த்தால், நிரல் களஞ்சியத்தில் புதிய பதிவு. உங்கள் பெயர். அன்று அதிகாலை. உலகமே பார்க்கும்படி. என் அக்கா போன மறுநாள் உங்களால் உட்கார்ந்து நிரல் எழுத முடிந்திருக்கிறது. "நீங்கல்லாம் மனுஷன்தானா" என்று கேட்டேன். நாலு பேர் முன்னால் கேட்டது தப்பு. கேட்டது தப்பா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

விட்டுப்போன இடத்தைச் சுட்டியதற்கு நன்றி. சரிசெய்துவிட்டேன்.

நான்காவது திருத்தத்தை எடுக்க மனமில்லை. நான் பொதுவாகப் பிடிவாதக்காரன் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். காப்பீட்டு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்த காலமெல்லாம், மேலதிகாரி வானம் பச்சை என்று சொன்னாலும், எந்த நேரத்து வானம் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறவனாகத்தான் இருந்தேன். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியவில்லை. ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

தெரிந்துதான் எழுதினேன் என்கிறீர்கள். அந்தப் பகுதியின் பழைய பதிவுகளை முழுவதும் தேடினேன். நீங்கள் சேர்த்த அன்று எழுதிய குறிப்பு 'நாற்காலி காத்திருக்கும்' என்ற இரண்டே சொற்கள். எதற்காக என்று இல்லை. காரணம் எழுதப்படாத ஒன்றைக் கவனக்குறைவு என்று கொள்வதுதான் நம் வழக்கம். உங்கள் பெயர் அதில் வராதபடி செய்துவிடவும் நான் தயார்.

அந்தக் காலையைப் பற்றி. விளக்கம் சொன்னால் நியாயப்படுத்துவது போல் ஆகிவிடுமோ என்ற பயத்தில் சொல்லாமல் இருந்தேன். அன்று எல்லோரும் என்னை உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை, உப்பு இல்லை என்று உங்கள் பெரியம்மா சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. படுக்கச் சொன்னார்கள், படுத்தேன். விடியும்போது எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் கணினி முன் போனேன். அது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தலைப்பு ஓரத்தைவிட்டுச் சற்று விலகி அச்சாகிறது என்று யாரோ ஒரு மையத்திலிருந்து முன்பே எழுதியிருந்தார்கள். அதை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவ்வளவுதான் நடந்தது. அழுதேனா என்று கேட்டால், இல்லை. இன்றுவரை இல்லை. அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்ட கேள்வியை நானும் கேட்டுப் பார்த்தேன்.

வெளியீட்டைப் பிரித்து மூன்றை மட்டும் முதலில் அனுப்பலாம் என்பது நியாயமான யோசனைதான். ஆயினும் நான்கும் சேர்ந்தே போக வேண்டும் என்று விரும்புகிறேன்.

அன்புடன்,
அத்தான்


பிப்ரவரி 22

அத்தான்,

இதை இரண்டு முறை எழுதிக் கிழித்த பிறகு எழுதுகிறேன். கணினியில் கிழிக்க முடியாது என்பதால் அழித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கவனக்குறைவு என்ற உங்கள் மூன்றாவது குறிப்பு. காரணத்தை எழுதாதது என் தப்பு. எழுதியிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது. உங்கள் மையத்தில் ஒரு தையற்காரர் வந்துகொண்டிருந்தாரே, இரண்டாம் நாற்காலி, காது சற்று மந்தம், யார் வந்தாலும் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்ப்பார். அவர் ஒருமுறை மூச்சுத் திணறி வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். யாரோ யாரிடமோ சொல்ல, அது இறந்துவிட்டதாக மாறி, மையத்தில் 'முடிந்தது' என்று குறித்துவிட்டார்கள். நிரல் உடனே அவர் நாற்காலியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டது. அப்போதெல்லாம் அது தானாகத்தான் கொடுக்கும், நீங்கள் எழுதியபடி. பத்து நாள் கழித்து மனிதர் கையில் பையோடு வந்து நிற்கிறார். அவர் இடத்தில் வேறு ஆள், ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது. 'நான் எங்க உக்கார்றது' என்று கேட்டாராம். அக்கா ஆறாம் நாற்காலியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள்.

அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஒரு ஆள் போயிட்டார்னு மிஷின் முடிவு பண்ணக்கூடாதுடா. வீட்டு ஆளு ஒருத்தர் வந்து வாயால சொல்லணும். அப்புறம்தான் சிஸ்டர் அழுத்தணும். ரெண்டு பேர் வேணும். உங்க ரிலீஸுக்கு மட்டும் ரெண்டு பேர் வேணும், மனுஷங்களுக்கு வேண்டாமா?"

உங்களிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். நீங்கள் எழுதியதில் குறை என்று மூன்றாம் மனிதர் சொன்னால் மூன்று நாள் சாப்பிட மாட்டீர்களாம். சொன்னாளா, சொல்ல மறந்தாளா, எனக்குத் தெரியாது.

அடுத்தது. பாதிப்பு இல்லாததை இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று மனசு கேட்காமல் நேற்று ஹெட் சிஸ்டருக்குத் தொலைபேசி செய்தேன். நீங்கள் கோபப்படலாம்.

ஆறாம் நாற்காலியில் அவசரத்துக்கு யாரையாவது உட்கார வைக்கிறார்களாம். நிரந்தரமாக ஒருவருக்கும் கொடுக்கவில்லை. விடுவி பொத்தான் அவர் விரலுக்கடியில்தான் இருக்கிறது. ஆனால் வீட்டார் வந்து சொல்லாமல் அழுத்துவதில்லை என்று அங்கே எல்லோரும் வைத்துக்கொண்ட வழக்கமாம். அதை ஆரம்பித்து வைத்ததே அக்கா என்று சிரித்தார். பிறகு, "சார் வராம இல்லீங்க. வெள்ளிக்கிழமையானா கேட் வரைக்கும் வர்றாரு. எதிர்ல மருந்துக் கடையில ஏதோ வாங்குற மாதிரி நிக்கிறாரு. நான் ஜன்னல் வழியா பாக்குறேன். அவரா உள்ள வரட்டும்னு இருக்கேன்" என்றார்.

அந்தக் கடையில் என்ன வாங்குகிறீர்கள், அத்தான்?

நான் கோபத்தில் எழுதவில்லை. ஒரு வாக்கியத்தை ஒரு சிஸ்டரிடம் சொல்ல முடியாமல், உலகத்தில் உள்ள எல்லா மையங்களிலும் யாரும் அந்த வாக்கியத்தைச் சொல்லத் தேவையில்லாதபடி நிரலை மாற்றியிருக்கிறீர்கள். உங்களைத் தவிர வேறு ஒருவருக்கும் இந்த வழி தோன்றியிருக்காது. அன்று காலை நான் கேட்டதற்குப் பதில் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கேட்டிருக்கக் கூடாது.

ஆனால் நான்காவதில் கையொப்பமிட மாட்டேன்.

தம்பி


பிப்ரவரி 25

அன்புள்ள தம்பிக்கு,

நான்காவது திருத்தத்தை எடுத்துவிட்டேன். 'நாற்காலி காத்திருக்கும்' என்ற வரிக்கு மேலே காரணத்தை எழுதியிருக்கிறேன். ஒருவர் இறந்தாரா என்பதை நிரல் தீர்மானிக்கக் கூடாது, வீட்டார் சொல்ல, மையத்தில் ஒருவர் அழுத்த வேண்டும், இதை மாற்ற நினைப்பவர் முதலில் இவ்வரிகளைப் படிக்கவும் என்று. யார் சொல்லிச் செய்தது என்றும் போட்டிருக்கிறேன்.

தையற்காரரை எனக்கு நினைவிருக்கிறது. என் காலரையும் தொட்டுப் பார்த்திருக்கிறார். 'அயர்ன் சரியில்ல' என்றார். அவர் நாற்காலியை என் நிரல் பறித்தது என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. நான் மூன்று நாள் சாப்பிடமாட்டேன் என்பது மிகை. ஒரு வேளை போதும்.

வெளியீட்டின் நிலை இது. முன்னோட்டப் பிரதி ஒன்றைத் தயாரித்து இரண்டு மையங்களுக்கு அனுப்பினேன். ஒன்றில் எல்லாம் சரி. இன்னொன்றில் தேதி ஒரு நாள் முன்னால் நகர்ந்தது. இரவல் துண்டின் புதிய பதிப்பு நள்ளிரவை வேறு விதமாகக் கணக்கிடுகிறது. இது தெரியாமல் அனுப்பியிருந்தால் ஓட்டையை அடைத்து, எல்லோரையும் தவறான நாளில் வரவழைத்திருப்பேன். இதைத்தான் நான் நான்கும் சேர்ந்தே போக வேண்டும் என்று நிறுத்தி வைத்திருந்தேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். நிறுத்தி வைத்ததால் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் ஓர் ஆசை எழுந்தது. அது உண்மையல்ல. அனுப்ப நினைத்திருந்தால் முதலிலேயே சோதித்திருப்பேன். சரிசெய்து மறுபடியும் இரண்டு மையங்களுக்கும் அனுப்பி, நன்றாக இருக்கிறது என்று பதில் வாங்கிவிட்டேன்.

குறிப்பு எழுதுவதுதான் வரவில்லை. அவள் ஒரே மூச்சில் எழுதிவிடுவாள். மையத்து சிஸ்டர்கள் நின்றபடியே படிப்பவர்கள், நீளமாக எழுதாதீர்கள் என்பாள். நான் ஒன்றரைப் பக்கம் எழுதி, அதைச் சுருக்கி, இப்போது மூன்று பக்கமாகியிருக்கிறது. இணைத்திருக்கிறேன்.

மருந்துக் கடையில் இருமல் மிட்டாய் வாங்குகிறேன். எனக்கு இருமல் இல்லை.

அத்தான்


பிப்ரவரி 27

அத்தான்,

கையொப்பமிட்டுவிட்டேன். நள்ளிரவுக் கணக்கை நானும் தனியாக ஓட்டிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. குறிப்பை வெட்டி அனுப்பியிருக்கிறேன், ஆறு வரி. அக்கா இருந்தால் அதிலும் இரண்டு வரி அதிகம் என்பாள். உங்கள் மூன்று பக்கத்தில் 'இது குறித்து ஐயம் எழுமாயின்' என்று நான்கு இடத்தில் வருகிறது. இதை வாசிக்கும் சிஸ்டருக்கு ஐயம் எழாது, கோபம்தான் எழும்.

வெளியிடும் பொத்தானை நீங்கள் அழுத்துங்கள்.

ஒன்று சொல்லாமல் விட்டிருந்தேன். ஹெட் சிஸ்டரிடம் பேசிய அன்று, உடன்பிறந்தவன் சொன்னாலும் செல்லும் என்றார் அவர். தொலைபேசியிலேயே சொன்னால் போதுமாம், அழுத்திவிடுவாராம். எனக்காகக் காத்திருந்தார். நான் அவருடைய ஊரில் வெயில் எப்படி என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றார். மழை உண்டா என்று கேட்டேன். அதன் பிறகு வைத்துவிட்டேன்.

ஆகவே உங்களைப் போ போ என்று தள்ளுவதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது. போய்த்தான் ஆக வேண்டும் என்றும் சொல்லவில்லை. எனக்கும் வாய் வரவில்லை என்பதை மட்டும் உங்களிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இதை வேறு யாரிடம் சொல்வது?

தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

வெளியீடு போய்விட்டது. புதன்கிழமை காலையில் பொத்தானை அழுத்தினேன். இரண்டு சாவிகளும் சரிபார்க்கப்பட்டன என்று ஒரு வரி வந்தது. வழக்கமாக அவள் அடுப்படியிலிருந்து "போயிடுச்சா?" என்று கேட்பாள். நான் "போயிடுச்சு" என்பேன். இம்முறை நானே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். வீட்டில் ஒரு மாற்றமும் இல்லை. பெரும்பாலான மையங்கள் ஏற்றிக்கொண்டுவிட்டன. ஒரு மையத்திலிருந்து, குறிப்பு இவ்வளவு சுருக்கமாக இருக்கிறதே, ஏதாவது விட்டுப்போயிற்றா என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் பழைய மூன்று பக்கத்தை அனுப்பலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அனுப்பவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. மையத்துக்குப் போனேன். கடையில் நிற்கவில்லை. நின்றால் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன் என்று தெரியும். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போயிருந்தேன். சட்டைப்பையிலிருந்து அதை எடுக்கும் முன்பே ஹெட் சிஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். அவர் நின்றதும் எனக்கு எழுதியது ஒன்றும் படிக்க வரவில்லை.

"அவ இனிமே வரமாட்டா சிஸ்டர்" என்றேன்.

"சரிங்க சார்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை. கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். விடுவி என்று அழுத்தினார். 'உறுதியாகவா?' என்று நிரல் கேட்டது. அந்தக் கேள்வியை எழுதியவன் நான். இவ்வளவு நாளில் அதை இந்தப் பக்கத்திலிருந்து படித்ததில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பெயர் போய்விட்டது. கட்டம் வெள்ளையாயிற்று.

பெரிதாக ஏதோ வரும் என்று எதிர்பார்த்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. காலில் கொசு கடித்தது. சொறிந்துகொண்டேன். அழ வேண்டிய இடம் இதுவாக இருக்கலாம் என்று நினைத்து ஒரு நிமிடம் கொடுத்துப் பார்த்தேன். அதுவும் பயனில்லை. உனக்கு இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. நீயும் மழை உண்டா என்று கேட்டவன்தானே.

சிஸ்டர் உடனே தொலைபேசியை எடுத்தார். காத்திருப்பில் முதலில் இருந்தது ஒரு பெண்மணி, பள்ளி வேன் ஓட்டுபவராம். இந்த ஊர்க்காரர்தான், இங்கே நிரந்தர இடம் இல்லாததால், வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வேறு ஊருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்திருக்கிறார். டிசம்பரிலிருந்து. திரும்பி வரும்போது ஒருமுறை பஸ்ஸிலேயே மயங்கி விழுந்து நெற்றியில் தையல் போட்டிருக்கிறார்கள். வேனை இப்போது அவருக்குக் கொடுப்பதில்லை. சிஸ்டர் இதையெல்லாம் என்னிடம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. தொலைபேசியில் பேசியதிலிருந்தும், பக்கத்திலிருந்த இன்னொரு சிஸ்டரிடம் சொன்னதிலிருந்தும் எனக்குத் தெரிந்தது. நான் டிசம்பர் முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் எதிர்க்கடையில் நின்றிருக்கிறேன்.

அந்தப் பெண்மணி எப்படி இருந்தார் என்று சொல்ல வேண்டுமே. அரை மணியில் வந்துவிட்டார். பையை மார்போடு கட்டிக்கொண்டு வந்தார், யாராவது வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்பது போல. நெற்றியில் தழும்பு இருந்தது. ஆறாம் நாற்காலியில் உட்காராமல், "இது யாரோடதாவதா?" என்று பொதுவாகக் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "உங்களோடதுதாம்மா, உக்காருங்க" என்றேன். செவ்வாயும் வெள்ளியும் காலை முறை என்று சிஸ்டர் சொன்னதும், அப்படியானால் மறுபடி வேன் ஓட்டி, மதியம் பள்ளிப் பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய்விட முடியும் என்று அவர் கணக்குப் போட்டார். என்னிடம் நன்றி சொன்னார். எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருக்காது. நான் விலகி வந்துவிட்டேன்.

இரவு உன் கடிதங்களையும் என் கடிதங்களையும் எடுத்து மறுபடி படித்தேன். என் முதல் கடிதத்தின் ஆறு குறிப்புகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். மூன்றாவதை நீ ஏற்கெனவே திருத்திவிட்டாய். ஆறாவதை நாம் இருவருமே காப்பாற்றவில்லை, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இன்னொன்று இருக்கிறது. நீ அப்போதே கேட்டாய், நான் பதில் சொல்லாமல் கடந்துபோனேன். பொதுக் குழுவில் எழுத முடியாது, ஆகவே உனக்கு எழுதி வைக்கிறேன்.

நான்காவது குறிப்பு தவறு. பாதிப்பு இருந்தது.

அத்தான்